பினாங்கு லைன்

கொடைக்கானல் டெலிபோன் ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்றால் ஆளுக்கொரு காரணம் முளைத்துவிடும். ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்கு வத்தலக்குண்டில் நாத்தனார் வீட்டு விசேஷம். அந்த டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்கிற ஒரே ஆள் இசபெல்லாதான். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அவள் சொல்லும்போது மற்றவர்களுக்கு அவள்மேல் பரிதாபமும் வரும், உள்ளுக்குள் சந்தோஷமும் வரும். முப்பது தாண்டியாயிற்று, கல்யாணம் ஆகவில்லை, கூட இருந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளுக்கு என்ன ஞாயிறு, என்ன திங்கள் என்று பேசிக்கொண்டார்கள். காலைப் பூசைக்கு வராமல் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாயே என்று பங்குச் சாமியார் மட்டும் ஒருமுறை கேட்டார். சாயங்காலப் பூசைக்கு வந்துவிடுகிறேன் சாமி என்றாள். சொன்னபடி வந்தாள்.

அவள் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கியது பினாங்கு லைனுக்காக. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணி வாக்கில் மதுரை ஆபரேட்டர் பாப்பம்மாள் லைனில் வருவாள். "கொடை, பினாங்கு இருக்கு, பேசு" என்பாள். ஆபரேட்டர்களுக்குள் பேர் கிடையாது, ஊர்தான் பேர். மதுரைக்காரியின் பேர் பாப்பம்மாள் என்பதுகூட இசபெல்லாவுக்கு வேறொருத்தி சொல்லித்தான் தெரியும். பத்து வருஷமாகத் தினமும் பேசுகிறார்கள், முகம் பார்த்ததில்லை. மதுரைக்கு இவள் வெறும் கொடை.

பினாங்கிலிருந்து பேசுகிறவள் ஒரு தாய். ஏரிக்கு மேலே இருக்கிற பெண்கள் போர்டிங் பள்ளிக்கூடத்தில் அவள் மகள் ரஹ்மத் படிக்கிறாள். இசபெல்லா பள்ளிக்கூடத்து நம்பரை இணைப்பாள். வார்டன் தெரசம்மாள் எடுத்து, "இருங்க, பிள்ளையக் கூட்டிட்டு வர்றேன்" என்று போவாள். மாடியிலிருந்து பிள்ளை இறங்கி வருகிற வரைக்கும் லைன் சும்மா திறந்து கிடக்கும். அந்தப் பக்கம் தாய் காத்திருப்பாள், இந்தப் பக்கம் இசபெல்லா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

அந்தத் தாயின் பேர் ஜாஹிதா. இசபெல்லாவோடு மதுரையில் ஒரே ஹாஸ்டல் அறையில் மூன்று வருஷம் படுத்து எழுந்தவள்.

முதல் தடவை அந்தக் குரல் வந்தது எண்பத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம். சீசன் கூட்டமெல்லாம் வடிந்து, ஊரே மூடுபனிக்குள் போர்த்திப் படுத்திருந்த நேரம். "ஹலோ, கொடைக்கானலா?" என்று கடைசி எழுத்தை இழுத்துக் கேட்டது குரல். அந்த இழுப்பு ஒன்றே போதுமாயிருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறாள், ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஆனாலும் இசபெல்லா "ஆமாங்க, லைன்ல இருங்க" என்று ஆபரேட்டர் குரலில் சொல்லிவிட்டாள். ஆபரேட்டர்களுக்கு இரண்டு குரல் உண்டு. போர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் மூக்கிலிருந்து வருகிற ஒரு குரல், அது ஊரிலுள்ள எல்லா ஆபரேட்டருக்கும் ஒன்றுதான். சொந்தக் குரல் வீட்டில் இருக்கும். வீட்டில் பேச ஆள் இல்லாவிட்டால் அது அங்கேயே கிடந்து துருப்பிடிக்கும்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். 'ஏடி ஜாகி, நான்தாண்டி பெல்லா' என்று நாலு வார்த்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். கொழுக்கட்டை இல்லை, சேனாதிபதி இருந்தார்.

சேனாதிபதி சூப்பர்வைசர். தாண்டிக்குடிக்காரர். பின்னால் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். படிக்கிறார் என்றுதான் தோன்றும், ஆனால் போர்டில் ஒரு கார்டை, அந்த இணைப்புக் கயிற்றை, தப்பாகச் சொருகினாலும் அங்கிருந்தே சொல்லிவிடுவார். போன் பேச வருகிற பார்ட்டியோடு சொந்தப் பேச்சு பேசக்கூடாது, இரண்டு பேர் பேசத் தொடங்கியதும் தன் காதுக்கு வருகிற கீயை மூடிவிட வேண்டும், ஒட்டுக்கேட்டால் வேலை போய்விடும். இந்த மூன்றும் அவருக்கு மூன்று வேதம். முந்தின வருஷம்தான் ஒரு பிள்ளை ஒட்டுக்கேட்டு மாட்டிக்கொண்டு சஸ்பெண்ட் ஆனாள். அந்தப் பயத்தில் முதல் ஞாயிறு போயிற்று. அடுத்த ஞாயிறு சொல்லலாமென்றால், போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற தயக்கம். மூன்றாவது வாரம் சொன்னால் இரண்டு வாரமாக ஒளிந்திருந்து கேட்டதாக ஆகும். முதல் கோணல் முற்றும் கோணல். வாரம் ஆக ஆகச் சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது, சொல்லுகிற தைரியம் சிறிதாகிக்கொண்டே போனது.

ஜாஹிதா பழனிக் கடைவீதியில் பெட்டி, பாத்திரம் விற்ற வியாபாரியின் மகள். இசபெல்லாவின் அப்பா கொடைக்கானல் மிஷன் விடுதியில் சமையல்காரர். மலைமேல் ஒருத்தி, மலையடிவாரத்தில் ஒருத்தி என்று இருந்தவர்களை மதுரை ஹாஸ்டல் ஒரே அறையில் கொண்டுவந்து போட்டது. முதல் வருஷம் டிசம்பரில் நோன்பு வந்தபோது ஜாஹிதா திணறிப்போனாள். மெஸ்ஸில் ராத்திரிச் சோற்றோடு கதவைப் பூட்டிவிடுவார்கள். விடியுமுன் சாப்பிட ஒன்றும் கிடைக்காது, எழுப்பிவிடவும் ஆள் கிடையாது. இசபெல்லாதான் தன் பங்குச் சப்பாத்தியையும் வாழைப்பழத்தையும் டிபன் பாக்ஸில் எடுத்துவைத்தாள். அவளே விழித்து அவளே எழுப்பினாள். ஹாஸ்டல் வார்டனுக்குக் கேட்காமல் எழுப்ப வேண்டும். அதனால் பென்சிலால் ஜாஹிதாவின் இரும்புக் கட்டிலைத் தட்டுவாள். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. ஜாஹிதா எழுந்து போர்வைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவாள். இசபெல்லா கண் சொக்க எதிரே உட்கார்ந்து கொடைக்கானல் கதை சொல்லுவாள். ஏரி, பேரிக்காய் மரம், பள்ளிக்கூடத்து மணி, வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் சுமை தூக்கி ஏறி வருகிறவர்கள் என்று.

தவக்காலம் வந்தபோது முறை மாறியது. வெள்ளிக்கிழமைகளில் இசபெல்லா கறி தொடமாட்டாள். "நீ பாத்துக்கிட்டு இருக்க நான் மட்டும் எப்படித் திங்க" என்று ஜாஹிதாவும் தட்டைத் தள்ளிவைத்துவிடுவாள். மற்றப் பெண்கள் இவர்களைப் பார்த்து, ரெண்டு மதத்துப் பட்டினியையும் ஒரே அறையில் கிடப்பவர்கள் என்று கேலி செய்தார்கள்.

படிப்பு முடிந்த மறுவருஷம் ஜாஹிதாவுக்குக் கல்யாணமாகிப் பினாங்கு போனாள். மாப்பிள்ளை கிபாயத்துல்லாவுக்கு அங்கே துணிக்கடை. இசபெல்லாவுக்கு டெலிபோன் இலாகாவில் வேலை கிடைத்துத் திண்டுக்கல் போனாள். கடிதம் கொஞ்ச நாள் ஓடியது. ஒருத்தி வீடு மாறினாள், ஒருத்திக்கு மாற்றல் வந்தது, ஒரு கடிதம் திரும்பி வந்தது. சண்டை எதுவும் இல்லை. கடைசியாக எழுதியது யார் என்றுகூட இருவருக்கும் நினைவிருக்காது. இப்படி அறுந்துபோகிற சிநேகத்துக்கு யாரைக் குற்றம் சொல்ல முடியும்? அம்மாவுக்கு முடியாமல் போனதும் இசபெல்லா மாற்றல் கேட்டுக் கொடைக்கானலுக்கே வந்துவிட்டாள். அம்மா போன பிறகு நாயுடுபுரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு மாதா படம். நாளெல்லாம் ஊரிலுள்ளவர்களை உலகத்தோடு சேர்த்து வைக்கிறவளுக்கு, சொந்தமாக ஒரு போன் வந்ததில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் திருநாளாயிற்று. முந்தின நாள் ராத்திரியே தலைக்குக் குளித்துக்கொள்வாள். போனில் யார் தலையைப் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் குளித்தாள். தாயும் மகளும் பேசுகிறபோது கீயை மூட வேண்டும் என்று தெரியும். கை மூடப் போகும், மூடாது. ஒருநாள் ஜாஹிதா மகளிடம் சொன்னாள், "அந்த ஊர்ல எனக்கு ஒரு கூட்டாளி உண்டு, ரஹ்மத். அவ சொன்ன கதையக் கேட்டுத்தான் உன்னை அங்க சேத்தேன். அவ மட்டும் பக்கத்துல இருந்தா உன்னைக் கண்ணு மாதிரி பாத்துக்குவா. எங்க இருக்காளோ, நம்மள நெனைக்கிறாளோ என்னமோ." சொல்லிவிடலாமென்று இசபெல்லா வாயெடுத்தாள். பின்னால் சேனாதிபதி பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. விழுங்கிக்கொண்டாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைத் தேடுகிறவளின் குரலைத் தன் கையாலேயே இணைத்துவிட்டு ஊமையாக உட்கார்ந்திருப்பதைவிடக் கேவலமான சோலி உலகத்தில் இருக்கிறதா என்று நினைத்து ராத்திரி அழுதாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஜனவரி பிறந்தது. தகப்பனாரை விசாரித்து, அத்தா எங்கே என்று ரஹ்மத் கேட்டாள். "தூங்குறாங்கம்மா" என்றாள் ஜாஹிதா. அடுத்த வாரமும் தூங்கினார். அதற்கடுத்த வாரமும் தூங்கினார். பிள்ளை நம்பியது. இசபெல்லா நம்பவில்லை. மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவளுக்கு ஜாஹிதாவின் பொய் தெரியாதா? பொய் சொல்லுகிறபோது அவள் குரல் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கும்.

அந்த மூன்றாவது வாரம் பிள்ளை போனை வைத்த பிறகும் பினாங்கு லைன் அறுபடவில்லை. இசபெல்லா கார்டைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனாள். அப்போது கேட்டது. முதலில் மூச்சு, பிறகு அடக்கி அடக்கி ஓர் அழுகை. லைன் முடிந்தது என்று நினைத்து அழுகிறாள் போலும் என்று இசபெல்லா எண்ணினாள். பிடுங்கினால் அழுகை பாதியில் அறுந்துவிடும். பிடுங்காவிட்டால் ஒட்டுக்கேட்கிற குற்றம். அவள் பிடுங்கவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. பென்சில் மட்டும் கையில் இருந்தது, அது தன் பாட்டுக்கு மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது.

மதுரை குறுக்கே வந்தது. "கொடை, பார்ட்டி பேசுறாங்களா, லைன் சும்மா கெடக்கா? சத்தத்தையே காணோம். எடுத்துரட்டுமா?"

"இல்ல மதுரை, பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றாள் இசபெல்லா.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் இதுவே வழக்கமாயிற்று. பிள்ளை வைத்துவிடும், தாய் அழுவாள். மதுரை கேட்கும், கொடை பொய் சொல்லும். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், கடையை மைத்துனர்கள் எடுத்துக்கொண்டது எல்லாம் ஜாஹிதா வார்டனிடம் சொன்னதிலிருந்து இசபெல்லாவுக்குத் தெரிந்தது. இனிமேல் நான்தான் பெல்லா என்று சொல்லவே முடியாது என்பதும் தெரிந்தது. சொன்னால், உன் வீட்டு மானத்தையும் உன் கண்ணீரையும் வாராவாரம் திருட்டுத்தனமாகக் கேட்டது நான்தான் என்று சொல்வதாகும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவது? ஆறுதல் சொல்ல ஆயிரம் வார்த்தை நெஞ்சில் முட்டியது. அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம், "மூணு நிமிஷம் ஆச்சுங்க" என்கிற அந்த மூக்குக் குரல்தான்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை பினாங்கு வந்தது. ஞாயிறு அல்லாத நாளில் அதுவரை வந்ததில்லை. ஆண் குரல். "ஸ்கூல் வார்டன் வேணும். பிள்ளைட்ட இப்பச் சொல்ல வேணாம். அவுக அத்தா மவுத்தாயிட்டாங்க." இசபெல்லா இணைத்தாள். மாடியில் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தெரியுமுன்னால், இந்த ஊரில் அந்தச் சாவு அவளுக்குத்தான் தெரிந்தது. கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திரும்பி வந்தபோது சேனாதிபதி அவள் முகத்தைப் பார்த்தார். "சளி பிடிச்சிருக்கா?" என்றார். ஆமாம் சார் என்றாள்.

மறுநாள் மெட்ராஸிலிருந்து மாமா ஒருவர் டாக்சியோடு வந்து ரஹ்மத்தை அழைத்துப் போனார். மூஞ்சிக்கல் திருப்பத்தில் அந்த டாக்சி கடந்தபோது இசபெல்லா காய்கறிப் பையோடு நின்றிருந்தாள். கண்ணாடிக்குள் நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு பிள்ளை. ஜாஹிதாவின் நெற்றி அப்படியே இருந்தது. அத்தனை மாதம் ஒரே ஊரில் இருந்த பிள்ளையை அவள் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த ஞாயிறு பினாங்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தலைக்குக் குளித்துக்கொண்டு போனாள். பத்து மணி தாண்டும், பதினொன்றாகும். மதுரை எதற்கோ கூப்பிடும்போதெல்லாம் கை பள்ளிக்கூடத்து லைன் பக்கம் போகும். பெரியகுளத்துக்கு வெள்ளைப்பூண்டு வியாபாரி, மெட்ராஸுக்கு ஓட்டல் மேனேஜர். இதற்குத்தானா? அந்த அழுகையாவது இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. வெறும் அழுகையைக் கேட்பதற்கு ஒருத்தி ஏங்குவாளா என்றால், ஏங்குவாள். அது அவளுக்குத் தெரிந்தவளின் அழுகை.

ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறிப் போனாள். பினாங்கு விலாசத்தை வாங்கி ஒரு கடிதம் எழுதிவிடுவது என்று தீர்மானம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். தெரசம்மாள் வாசலுக்கு வந்தாள். வாரம் தவறாமல் போனில் பேசிய குரல், ஆனால் நேரில் பார்த்தால் யாரோ ஒரு குள்ளமான அம்மாள். அவளுக்கு இசபெல்லாவைத் தெரியவில்லை. தெரிவதற்கு வழியும் இல்லை.

"வாங்கம்மா, யாரைப் பாக்கணும்?"

"பினாங்குப் பிள்ள ஒண்ணு இங்க படிச்சதுங்களே…"

"ரஹ்மத்தா? அது ஊருக்குப் போயிருச்சேம்மா. நீங்க அதுக்கு என்ன வேணும்?"

என்ன வேணும்? சித்தி இல்லை, அத்தை இல்லை, கார்டியன் இல்லை. உங்கள் போனை ஒட்டுக்கேட்டவள் என்று சொல்லலாம்.

"ஒண்ணும் இல்லைங்க. டெலிபோன் ஆபீஸ்லருந்து வர்றேன். போன் நல்லா வேலை செய்யுதான்னு கேட்டுட்டுப் போகலாம்னு."

"அது நல்லாத்தான் கெடக்கு" என்றாள் தெரசம்மாள். "ஞாயித்துக்கிழமைதான் முன்ன மாதிரி அடிக்கிறதில்ல."

இறங்கி வரும்போது ஏரிக்கரையில் நின்றாள். படகுத் துறையில் யாரும் இல்லை. எல்லாவற்றையும் பனி மூடிக்கொண்டு வந்தது. இனி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட, பெல்லா என்று கூப்பிட, உலகத்தில் ஒரே ஒருத்திதான் மிச்சமிருந்தாள். அவளிடமும் வாயைத் திறக்காமல் விட்டாயிற்று. வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

தவக்காலம் பாதி கழிந்திருந்தது. ஒரு ஞாயிறு காலை. சேனாதிபதி பின்னால் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். மதுரை வந்தது.

"கொடை, பினாங்கு இருக்கு."

"ஸ்கூலுக்கா மதுரை? அந்தப் பிள்ள ஊருக்குப் போயிருச்சே."

"ஸ்கூல் இல்ல. இது பி.பி. கால்."

பி.பி. என்றால் பேர் சொன்ன ஆளே வந்து போனை எடுத்தால்தான் பேச்சு. ஆள் இல்லையென்றால் கால் ரத்து. பேர் என்ன, எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஆளைத் தேடிப் பிடித்து வரச் சொல்ல வேண்டியது இந்தப் பக்கத்து ஆபரேட்டரின் வேலை.

"எந்த நம்பர்?"

"நம்பர் கொடுக்கல. கொடைக்கானல் டெலிபோன் ஆபீஸ்னுதான் சொல்றாங்க. ஆளு பேரு இசபெல்லா. அப்படி யாராச்சும் உங்க ஆபீஸ்ல இருக்காங்களா கொடை?"

பத்து வருஷமாகப் பேசுகிற பாப்பம்மாள் கேட்கிறாள், அப்படி யாராவது இருக்கிறார்களா என்று. இசபெல்லா போர்டைப் பார்த்தாள். பழக்கம் இருக்கிறதே, அது ஆளைவிடப் பெரியது. "லைன்ல இருங்க, பாத்துச் சொல்றேன்" என்றாள் அந்த மூக்குக் குரலில். ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். எழுந்து நின்றாள். எங்கே போய்த் தேடுவது? நாற்காலியைச் சுற்றி வந்தாள். சேனாதிபதி பேப்பரைக் கொஞ்சம் இறக்கினார்.

"என்னம்மா?"

"பி.பி. கால் சார். பினாங்கு."

"பார்ட்டி இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

சேனாதிபதி அவளையும், காலியாக இருந்த நாற்காலியையும் பார்த்தார். சட்டம் மூன்றையும் அவர் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். "பார்ட்டி வந்தாச்சுன்னா வெரசாக் குடும்மா. அங்க மீட்டர் ஓடுது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க வெளியே போனார்.

இசபெல்லா உட்கார்ந்தாள். ஹெட்செட்டை மாட்டினாள். "மதுரை, ஆளு இருக்காங்க. கொடு."

ஒரு கடல் தூரத்து இரைச்சல். பிறகு, இழுத்தாற்போல, "பெல்லாவா?"

"ஜாகி" என்றாள். துருப்பிடித்த சொந்தக் குரல். அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"வந்துட்டியா. நீயா வருவேன்னு பாத்தேன், வர்ற மாதிரித் தெரியல. நானே ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியதாப் போச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்? எப்பத் தெரியும்?"

"முதல் வாரமே தெரியும். வார்டன் பிள்ளையக் கூட்டியார மேல போனாங்க. லைன்ல தட்டுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு, அப்புறம் ஒண்ணு. நோம்புக்கு மூணு வருசம் எழுப்பிவிட்ட சத்தம் எனக்குத் தெரியாதா? குரலை மாத்திக்கிட்டே பெல்லா. கை மாறல."

இசபெல்லா தன் கையைப் பார்த்தாள். பென்சில் அதில்தான் இருந்தது.

"தெரிஞ்சும் ஏன்டி கேக்கல?"

"வேலைக்கு ஏதும் ஆபத்து வந்துருமோன்னு முதல்ல பயந்தேன். பொறவு, உனக்குத்தான் என்னோட பேச இஷ்டமில்லையோன்னு நெனச்சேன். கூட்டாளி கதையெல்லாம் பிள்ளைட்ட சும்மாவா சொன்னேன்? நீ அசையல."

"அன்னைக்கே எனக்குச் செத்துரலாம்னு இருந்துச்சு, ஜாகி. அவுக போனது எனக்குத் தெரியும். நான்தான் அந்த லைனையும் கொடுத்தேன். நீ அழுததெல்லாம் கேட்டேன். கேக்கக்கூடாது, கேட்டேன். லைன் அறுந்துருச்சுன்னு நெனச்சு நீ தனியா அழுதே, நான் திருட்டுத்தனமா…"

"தனியாவா?" என்றாள் ஜாஹிதா. "பிள்ள போனை வச்சுட்டாங்குறது எனக்குத் தெரியாதா? லைன் அறுந்தா சத்தம் வராதா? நீ இருக்கேன்னு தெரிஞ்சுதான் அழுதேன். இங்க வீடு நிறைய ஆளு. அவுக போனதுக்கு இப்ப இத்தா இருக்கேன், நாலு மாசம் வாசல் தாண்ட முடியாது. அப்பவும் இப்பவும் ஆளாளுக்கு வந்து பொறுமையா இரு, பொறுமையா இருங்குறாங்க. நீ ஒருத்திதான் ஒண்ணுமே சொல்லாம தட்டிக்கிட்டு இருந்தே. அதுக்காகத்தான் ஞாயித்துக்கிழமையே விடியும் எனக்கு."

இசபெல்லா ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"தவக்காலம்தானே இப்ப?" என்றாள் ஜாஹிதா. "வெள்ளிக்கிழமை இன்னும் நான் கறி தொடறதில்ல. மாமியா ஏன்னு கேப்பாங்க. வயிறு சரியில்லம்பேன்."

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. மூச்சு, பிறகு அடக்கி அடக்கி அதே அழுகை. இந்தத் தடவை இந்தப் பக்கமும் சேர்ந்துகொண்டது. சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, காசு கொடுத்து வாங்கிய நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி கண்ணாடியில் ஒட்டி நின்றது. இசபெல்லாவின் கைப் பென்சில் மேஜையைத் தட்டியது. இரண்டு, பிறகு ஒன்று.

மதுரை குறுக்கே வந்தது. "கொடை, பார்ட்டி பேசுறாங்களா, லைன் சும்மா கெடக்கா? எடுத்துரட்டுமா?"

இசபெல்லா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்துராத மதுரை" என்றாள். "பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."